விட்டிலும் அம்பு செய்பவனும்

ஸ்ரீமத் பாகவதத்தின் பதினோராவது ஸ்கந்தம், பகவான் ஸ்ரீகிருஷ்ணர் இவ்வுலக லீலையை முடித்துக்கொள்ளவிருக்கும் காலத்தைக் கூறுகிறது. பிரிவைத் தாங்க இயலாமல் கலங்கி நின்ற உத்தவருக்கு அப்போது பகவான் அருளிய உபதேசங்கள் ‘உத்தவ கீதை’ என்று போற்றப்படுகின்றன. அவ்வுபதேசத்தின் தொடக்கத்தில் பகவான் ஒரு பழைய வரலாற்றை எடுத்துரைக்கிறார். தம் குலத்தின் முன்னோரும் யயாதியின் மைந்தருமாகிய யது மன்னர், அவதூதர் ஒருவரைச் சந்தித்த வரலாறு அது.

அந்த அவதூதர் இளம் வயதினர், கற்றறிந்தவர், உடைமை எதுவுமின்றி, அச்சமுமின்றி உலவியவர். ஆசையும் பேராசையும் காட்டுத்தீயாக மூண்டு உலகத்தாரை எரிக்கும்போது, கங்கையின் நீரில் இறங்கி நிற்கும் யானையைப் போல இவர் மட்டும் அத்தீயின் வெம்மையை அறியாதிருப்பது எவ்வாறு என்று யது வியந்தார். பணிவுடன் வினவவும் செய்தார்.

அவதூதர் தந்த விடை விந்தையானது. தமக்கு இருபத்துநான்கு குருமார்கள் உண்டு என்றார் அவர். நிலம், காற்று, வானம், நீர், நெருப்பு, சந்திரன், சூரியன், கடல் என்று எட்டு. புறா, மலைப்பாம்பு, விட்டில், தேனீ, யானை, மான், மீன், குரரப் பறவை, பாம்பு, சிலந்தி, குளவி என்று பதினொன்று. தேன் எடுப்பவன், பிங்களை என்ற கணிகை, குழந்தை, கன்னிப்பெண், அம்பு செய்பவன் என்று மனிதர் ஐவர். இவர்களுள் எவரும் அவரை அருகில் அமர்த்திப் பாடம் சொல்லவில்லை. தாம் குருவாக ஏற்கப்பட்ட செய்திகூட அவர்களுக்குத் தெரியாது.

கைக்குள் அடங்கும் சிறு திரையில் உலகமே வந்து நிற்கும் இக்காலத்தில், இந்த இருபத்துநால்வரின் பாடங்கள் முன்பைவிட அதிகமாகத் தேவைப்படுகின்றன. குறிப்பாக, அவர்களுள் இருவரை அருகருகே வைத்துப் பார்ப்பது பெரும்பயன் தரும். ஒன்று விட்டில், மற்றொருவர் அம்பு செய்பவர். இரண்டுமே தம்மை மறந்து ஒன்றில் ஆழ்ந்தவை. ஆயினும் விட்டில் அழிவிற்கு உவமையாயிற்று. அம்பு செய்பவனோ யோகத்திற்கு உவமையானான். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? இதற்கு விடை காண்பவனுக்குத் திரையின் முன் எவ்வாறு அமர்வது, எப்போது எழுவது என்பதும் விளங்கிவிடும்.

குருவைத் தேர்ந்தெடுத்தது எது?

அவதூதர் தம் குருமார்களைத் தம்முடைய புத்தியைக் கொண்டே தேர்ந்துகொண்டதாகக் கூறுகிறார். இச்சிறு குறிப்பு ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. விளக்கில் விழும் விட்டிலைக் காணாதவர் உலகில் இல்லை. மழைக்காலத்தில் பெருகி வரும் ஆறுகள் கடலில் கலப்பதையும் கடல் கரை மீறாதிருப்பதையும் கண்டவர் பலர். கண்டவர் அனைவரும் ஞானிகள் ஆகிவிடவில்லை. இயற்கை பாடம் சொல்வதில்லை. பாடம் கேட்பவனுக்கே அது பாடமாகிறது. அங்கே தேர்ந்தெடுப்பவன் காண்பவன். கண்ட ஒன்றின் முன் நின்று, அதன் பொருள் தெளியும்வரை காத்திருப்பவனும் அவனே.

சாந்தோக்ய உபநிஷதத்தில் வரும் சத்தியகாம ஜாபாலனின் கதையும் இதையே உணர்த்துகிறது. ஆசாரியரான கௌதமர் அவனுக்கு உபநயனம் செய்வித்து, மெலிந்து நலிந்த நானூறு பசுக்களை ஒப்படைத்தார். அவை ஆயிரமாகப் பெருகாமல் திரும்புவதில்லை என்ற உறுதியுடன் சத்தியகாமன் காட்டிற்குச் சென்றான். ஆண்டுகள் பல கழிந்தன. ஆயிரம் நிறைந்ததும் பிரம்மத்தின் ஒரு பாதத்தைக் காளை உபதேசித்தது; பிறகு நெருப்பும், அன்னமும், நீர்ப்பறவை ஒன்றும் மற்றப் பாதங்களை உபதேசித்தன. அவன் திரும்பியபோது, பிரம்மத்தை அறிந்தவனைப் போல அவன் முகம் ஒளிர்வதை ஆசாரியர் கண்டார்.

இங்கே இரு செய்திகள் கவனிக்கத்தக்கவை. காட்டிற்குச் சென்ற முதல் நாளிலேயே காளை பேசிவிடவில்லை. ஆண்டுக்கணக்கான பணியும் பொறுமையும் அவனது மனத்தைப் பண்படுத்திய பின்னரே அது பேசியது. மேலும், அவ்வளவு பெற்ற பின்பும் சத்தியகாமன் ஆசாரியரிடம் உபதேசத்தைக் கேட்டுப் பெற்றான். இயற்கை குருவாகலாம், எனினும் அது ஆசாரியரின் இடத்தை நீக்குவதில்லை, சீடனை அவரிடம் கேட்கத் தகுதியுடையவனாக்குகிறது.

திரையின் முறை இதற்கு நேர்மாறானது. அங்கே அடுத்து வருவதைத் தேர்ந்தெடுப்பவன் பெரும்பாலும் காண்பவன் அல்லன். ஒரு காட்சி முடிவதற்குள் மற்றொன்று தானே வந்து நிற்கிறது. எதன் முன் அவன் விரல் சற்றே தயங்கியது என்பது கணக்கிடப்பட்டு, அதைப் போன்ற வேறொன்று தரப்படுகிறது. பொருள் தெளியும்வரை காத்திருப்பதற்கு அங்கே இடமில்லை. புத்தி செய்ய வேண்டிய தேர்வை மற்றொன்று செய்யும்போது, புத்தி மெல்ல மெல்லத் தன் தொழிலை மறக்கிறது. திரையினால் விளையும் இழப்புகளுள் நேர இழப்பு சிறியது. விவேக இழப்பே பெரியது.

விட்டிலின் பிழை

புலன்களை வெல்லாதவன் உருவ அழகிலும் பொன்னிலும் ஆடையிலும் மயங்கி, தீயில் விழும் விட்டிலைப் போல அழிகிறான் என்பதே அவதூதர் விட்டிலிடம் கற்ற பாடம். விட்டில் நெருப்பை விரும்பி அதில் பாய்கிறது என்றே உலகம் நெடுங்காலம் எண்ணி வந்தது. விளக்கைச் சுற்றிவரும் பூச்சிகளை அதிவேகப் படக்கருவிகளைக் கொண்டு ஆராய்ந்த அறிவியலாளர்கள் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு வேறொன்றைத் தெரிவிக்கிறது. இரவில் பறக்கும் பூச்சிகளுக்கு வானமே மேற்புறத்தை உணர்த்தும் அடையாளம். நிலத்தைவிட வானம் சற்றே வெளிச்சமானது. அந்த வெளிச்சத்திற்குத் தன் முதுகைக் காட்டிப் பறந்தால் பூச்சி நேராகப் பறக்கும். எண்ணற்ற தலைமுறைகளாக அதன் உடலில் ஊறிய அறிவு இது. அருகில் ஒரு விளக்கு எரியும்போது பூச்சி அதை வானம் என்று கொள்கிறது. அதற்கு முதுகைத் திருப்ப முயன்று முயன்று, அதையே வட்டமிட்டு, அங்கேயே சிக்கிக்கொள்கிறது.

இச்செய்தி அவதூதரின் பாடத்தை மறுக்கவில்லை, மேலும் ஆழமாக்குகிறது. விட்டிலிடம் இருந்த நாட்டம் தீயதன்று. வானத்தை நாடும் நாட்டமே அது. அருகிலிருந்த சிறு விளக்கை வானம் என்று கொண்டதுதான் பிழை. வேதாந்தம் இதனை அத்யாஸம் என்று கூறும். ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல் என்பது அதன் பொருள்.

திரையில் மூழ்கும் மனிதனும் தீயதை நாடி அங்கே செல்வதில்லை. அறிய வேண்டும் என்ற விருப்பம், பிறரோடு கூடியிருக்க வேண்டும் என்ற ஏக்கம், அழகைக் காணும் ஆவல் ஆகியவையே அவனை அங்கே அழைத்துச் செல்கின்றன. இவை மூன்றும் உயர்ந்த நாட்டங்கள். அறியும் விருப்பம் ஞானத்திலும், கூடியிருக்கும் ஏக்கம் அன்பிலும், அழகின் ஆவல் பக்தியிலும் நிறைவு பெற வேண்டியவை. எனவே திரையில் மயங்கிய இளைஞனைக் கண்டு கடிந்துகொள்வதால் பயன் விளைவதில்லை. அவனது நாட்டத்தைப் பழிக்காமல், உண்மையான வானம் இருக்கும் திசையை அவனுக்குக் காட்டுவதே பெரியோர் செய்யத்தக்கது.

முடிவின்மையும் முழுமையும்

இயற்கையில் ஒவ்வொன்றிற்கும் ஓர் எல்லை உண்டு. மாலையில் சூரியன் மறைகிறது, மலர் வாடுகிறது, மழை நிற்கிறது, பசி தணிந்த விலங்கு உணவை விட்டு அகல்கிறது. எல்லை வரும்போது மனமும் நின்று மூச்சு விடுகிறது. புத்தகத்திற்கும் கடைசிப் பக்கம் உண்டு. இணையப் பக்கங்களுக்கும் ஒரு காலத்தில் அடிப்பகுதி இருந்தது. அங்கே வந்ததும் மேலே செல்வதா, நிறுத்துவதா என்று மனிதன் முடிவு செய்ய வேண்டியிருந்தது. 2006ஆம் ஆண்டில் ஏஸா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், அடியைத் தொடாமல் உருண்டுகொண்டே செல்லும் பக்க அமைப்பை உருவாக்கினார். படிப்பவரின் சிரமத்தைக் குறைப்பதே அப்போது அவரது நோக்கம். அது மனிதரின் நேரத்தை விழுங்குவதைக் கண்டு பிற்காலத்தில் அவரே வெளிப்படையாக வருந்தினார்.

அந்த அடிப்பகுதி மறைந்தபோது மறைந்தது ஒரு கோடு மட்டுமன்று. ‘போதும்’ என்று சொல்லும் வாய்ப்பும் அதனுடன் மறைந்தது.

நாரதர் சனத்குமாரரை அணுகிய வரலாறு இங்கே நினைவுகூரத்தக்கது. நாரதர் கல்லாத வித்தை இல்லை. நான்கு வேதங்கள், இதிகாச புராணங்கள், இலக்கணம், கணிதம், தர்க்கம் என்று தாம் கற்றவற்றை நீண்ட வரிசையாகவே அவர் அடுக்குகிறார். அவ்வளவு கற்றும் துயரம் தம்மை விட்டு நீங்கவில்லை, சொற்களை அறிந்தாரேயன்றி ஆத்மாவை அறியவில்லை என்பதே அவரது வேதனை. சனத்குமாரர் அவரைப் படிப்படியாக அழைத்துச் சென்று, சுகம் என்பது பூமாவில், அதாவது எல்லையற்ற முழுமையில்தான் உண்டு, சிறியதில் இல்லை என்று தெளிவுறுத்துகிறார்.

திரை தருவது முடிவின்மை. உபநிஷதம் கூறுவது முழுமை. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் தெரியலாம். சிறியவற்றை எத்தனை ஆயிரம் கோத்தாலும் அது நீளுமேயன்றி நிறையாது. ஆனால் ஒரே ஓர் ஆலம்பழ விதையைப் பிளந்து பார்த்த ஸ்வேதகேதுவுக்கு, கண்ணுக்குப் புலப்படாத நுண்பொருளிலிருந்தே பெருமரம் எழுகிறது என்ற உண்மை தந்தையால் உணர்த்தப்பட்டது. ஆயிரம் மரங்களின் படங்கள் தராததை ஒரு விதை தந்தது. விதையின் அளவு சிறிது. அதன் முன் நின்ற கவனம் பெரிது.

இருவகை மறதி

இனி அம்பு செய்பவனைக் காண்போம். தன் பட்டறையில் அமர்ந்து ஓர் அம்பை நேராக்கிக்கொண்டிருந்தான் அவன். அரசர் பரிவாரங்களுடன் அருகே கடந்து சென்றும் அவன் அறியவில்லை. ஆத்மாவில் மனத்தை நிறுத்தியவன் உள்ளும் புறமும் வேறெதையும் அறியாதிருப்பதற்கு அவதூதர் இவனையே உவமையாக்குகிறார்.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. கைபேசியில் ஆழ்ந்திருக்கும் சிறுவனும் தாய் மும்முறை அழைத்தும் அறியாதிருக்கிறான். அதுவும் ஏகாக்கிரதை அன்றோ?

யோக சூத்திரத்திற்கு வியாசர் எழுதிய பாஷ்யம் இவ்வையத்தைத் தொடக்கத்திலேயே தீர்த்துவைக்கிறது. மனத்திற்கு ஐந்து நிலைகள் உண்டு. அலைக்கழிந்த நிலை க்ஷிப்தம். மயங்கிய நிலை மூடம். சிதறியிருந்து அவ்வப்போது கூடும் நிலை விக்ஷிப்தம். ஒருமுகப்பட்ட நிலை ஏகாக்கிரம். முற்றிலும் அடங்கிய நிலை நிருத்தம். ஒன்றில் தோய்வது மனத்தின் இயல்பு. அது எல்லா நிலைகளிலும் காணப்படுவதே. எல்லாத் தோய்வும் யோகமாகிவிடாது. கடைசி இரண்டு நிலைகளில் மட்டுமே அது யோகமாகிறது. மயங்கிய மனமும் அசையாதிருக்கும். ஆனால் அது தெளிந்த நீரின் அசைவின்மை அன்று, உறைந்த சேற்றின் அசைவின்மை.

இரண்டையும் பிரித்தறிய மூன்று அடையாளங்கள் உள்ளன. முதலாவது, தொடக்கம்: அம்பு செய்பவன் தானே மனத்தை அம்பில் வைத்தான், விட்டிலோ இழுக்கப்பட்டது. இரண்டாவது, பொருள்: அவன் முன் இருந்தது ஓர் அம்பு, திரையின் முன் இருப்பவன் ஒரு மணி நேரத்தில் நூறு பொருள்களைக் கடந்து செல்கிறான். மூன்றாவது, முடிவு: எழும்போது அம்பு செய்பவனின் கையில் நேரான அம்பும் மனத்தில் நிறைவும் இருந்தன. திரையை விட்டு எழுபவன் தன் மனத்தையே கேட்டுப் பார்க்கட்டும். கண்டவற்றுள் எது நினைவில் நிற்கிறது, அடுத்த வேலையை அமைதியாகத் தொடங்க இயலுகிறதா, அருகில் இருப்பவரிடம் பேசும்போது எரிச்சல் எழுகிறதா என்று ஆராய்ந்தால், தான் இருந்தது எந்த நிலையில் என்பது அவனுக்கே விளங்கும்.

தற்கால உளவியலும் இதற்கு அருகில் வருகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் ஆகியோர் 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், முயன்று செலுத்தும் கவனம் களைப்படையக்கூடியது என்றும், மேகம், இலை, நீரோட்டம் போன்றவை மனத்தை மென்மையாக ஈர்த்து அக்களைப்பை ஆற்றுகின்றன என்றும் விளக்கினர். அதே பல்கலைக்கழகத்தில் நடந்து, 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், மரங்கள் அடர்ந்த தோட்டத்தில் நடந்து வந்தவர்கள், எண்களைத் தலைகீழாக நினைவுகூரும் சோதனையில் முன்னைவிடச் சிறப்பாக விடையளித்தனர். நகரின் நெரிசலான தெருக்களில் நடந்தவர்களிடம் அத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை. இயற்கை மனத்திற்கு ஓய்வளிக்கிறது என்பதை இவ்வாய்வுகள் காட்டுகின்றன. ஓய்வு பெற்ற மனத்தைக் கொண்டு செய்ய வேண்டியது யாது என்பதை அவதூதர் காட்டுகிறார்.

கடலும் தேனீயும் வளையலும்

திரையை அறவே துறப்பது இல்லறத்தாருக்கு இயலுவதன்று, தேவையுமன்று. 2020ஆம் ஆண்டில் நோய்த்தொற்றின் காரணமாக ஊரடங்கு நிலவி, ஆலயங்களும் ஆசிரமங்களும் அடைக்கப்பட்டிருந்த மாதங்களில், சத்சங்கமும் சாஸ்திர வகுப்புகளும் திரையின் வழியாகவே பல இல்லங்களை அடைந்தன. தொலைவில் வாழும் பிள்ளையின் முகத்தை முதிய தாய்க்குக் காட்டுவதும் அதுவே. அதை எவ்வாறு கையாள்வது என்பதற்கும் அதே குருமார்கள் வழி கூறுகின்றனர்.

மழையில் ஆறுகள் பெருகி வந்து விழுந்தாலும் கடல் பொங்குவதில்லை. கோடையில் அவை வற்றினாலும் அது சுருங்குவதில்லை. செய்திகள் வெள்ளமாக வரும் நாளிலும், தன்னைப் பாராட்டி ஒரு சொல்லும் வராத நாளிலும் ஒரே நிலையில் இருக்கப் பயில வேண்டும்.

தேனீ சிறிய மலரிலும் பெரிய மலரிலும் சாரத்தை மட்டும் கொள்கிறது. அவ்வாறே அறிஞன் நூல்களின் சாரத்தைக் கொள்ள வேண்டும் என்கிறார் அவதூதர். அதே தேனீயிடம் அவர் மற்றொரு பாடமும் கற்றார்: மிகுதியாகச் சேமித்தது, சேமித்த தேனுடன் தானும் அழிகிறது. பின்னர்க் கேட்கலாம் என்று கைபேசியில் சேர்த்துவைத்த சொற்பொழிவுகள் நூறு இருக்க, ஒன்றையேனும் முழுமையாகக் கேட்டுச் சிந்திக்காதவருக்கு இப்பாடம் உரியது.

கன்னிப்பெண் ஒருத்தி, பெண் பார்க்க வந்த விருந்தினருக்காகத் தனியே நெல் குத்தினாள். வளையல்கள் ஒலித்தன. ஒவ்வொன்றாக அகற்றி, கைக்கு இரண்டாக விட்டாள்; அப்போதும் ஒலித்தன. ஒன்றே எஞ்சியபோது ஒலி அடங்கியது. பற்பல வாட்ஸ்அப் குழுக்களில் இடம்பெற்று, எதிலும் அமைதி காணாதவர்கள் இவ்வளையல்களை நினைத்துக்கொள்ளலாம்.

விதேக நகரத்துப் பிங்களையின் கதையோ இக்காலத்திற்கென்றே சொல்லப்பட்டதுபோல் உள்ளது. யாரேனும் வருவர் என்ற ஆசையால் அவள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நள்ளிரவுவரை நடந்தாள். உறக்கம் கெட்டது. இறுதியில் எதிர்பார்ப்பைக் கைவிட்ட அக்கணமே மனம் தெளிந்து, உள்ளுறையும் இறைவனை நாடி, சுகமாக உறங்கினாள். எவரேனும் ஏதேனும் அனுப்பியிருப்பாரோ என்று நள்ளிரவில் கைபேசியை எடுத்துப் பார்க்கும் கைக்கு, பிங்களையின் உறக்கம் ஒரு மருந்து.

சாதகன் செய்யத்தக்கவை

அவதூதரின் பட்டியலை மீண்டும் நோக்கினால் ஓர் ஆறுதல் கிடைக்கும். அவருடைய முதல் ஏழு குருமார்களைத் தேடி இமயத்திற்குச் செல்ல வேண்டியதில்லை. மும்பையிலோ தில்லியிலோ அடுக்குமாடியின் பத்தாவது தளத்தில் வாழ்பவருக்கும் ஜன்னலில் வானம் உண்டு. காற்றும், சூரியனும், சந்திரனும் உண்டு. தொட்டியில் ஒரு துளசிச் செடி இருந்தால் நிலமும் நீரும் வந்துவிடுகின்றன. மாலையில் ஏற்றும் அகல்விளக்கில் நெருப்பும் இருக்கிறது.

நாள்தோறும் ஒரே வேளையில், கைபேசியை வேறோர் அறையில் வைத்துவிட்டு, இவற்றுள் ஒன்றின் முன் கால் மணி நேரம் அமர்ந்திருக்கலாம். அதைப் படம் எடுக்க வேண்டாம். படம் எடுத்தவுடன் கண் ஓய்ந்து, கருவி காணத் தொடங்குகிறது. முதல் சில நாட்கள் சலிப்பு தோன்றும். அச்சலிப்பிற்கு அஞ்ச வேண்டியதில்லை. விளக்கை வட்டமிட்டுப் பழகிய மனம் வானத்தின் திசையை மீண்டும் தேடும் அறிகுறி அது. ஒரு வாரம் முழுவதும் அதே செடியை அல்லது அதே வானப்பகுதியைக் காண்பது நல்லது. வார இறுதியில், அது கற்பித்தது யாது என்று தன்னைத் தானே கேட்டு, ஒரே ஒரு வரியில் எழுதிவைக்கலாம். பிள்ளைகள் உள்ள இல்லங்களில் பெற்றோர் அவர்களுடன் அமர்ந்து இதைச் செய்வது, நூறு அறிவுரைகளைவிடப் பயன் தரும். மனத்தை நிலைநிறுத்துவதற்கு அவதூதர் கூறும் துணைகள் இரண்டு: அப்யாசமும் வைராக்கியமும். நாள்தோறும் அமர்வது அப்யாசம். அவ்வேளையில் கைபேசியை நாடாதிருப்பது வைராக்கியம்.

தம் குருமார்களைப் பற்றி உரைத்த பின், அவதூதர் இன்னும் ஒன்றைக் கூறுகிறார். பிறந்து அழியும் இவ்வுடலே தமக்கு விவேகத்தையும் வைராக்கியத்தையும் தந்த குரு என்கிறார். அந்த குரு எவரையும் விட்டு ஒரு கணமும் பிரிவதில்லை. களைத்த கண்களாலும், கெட்ட உறக்கத்தாலும், குனிந்தே வலித்த கழுத்தாலும் அது பாடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

யது மன்னர் அனைத்தையும் கேட்டுப் பற்று நீங்கிச் சமநிலை பெற்றார் என்று பாகவதம் கூறுகிறது. அரசாட்சியின் அலுவல்கள் எத்தனையோ இருக்க, வழியில் கண்ட ஒருவரின் முகத்தில் ஆனந்தம் இருப்பதைக் கவனித்து அவர் நின்றார்; நின்று கேட்டார். அவ்வளவே அவர் செய்தது. நின்று காணவும், கண்டதைக் குருவாகக் கொள்ளவும் வேண்டிய விவேகத்தை இறைவன் அனைவருக்கும் அருள்வாராக.